30 மில்லிசெகண்ட் சண்டை

ஜாஸ் கேக்குறவங்க ரெண்டு பேர் ஒரே ரூம்ல கொஞ்ச நேரம் இருந்தா போதும், எப்படியும் ஒரு கட்டத்துல ஒருத்தர் அந்த வாக்கியத்தை சொல்லிடுவாரு: "நல்லா தான் வாசிக்கிறான், ஆனா ஸ்விங் ஆகல." முடிஞ்சுது கதை. ஸ்விங்னா, கேக்குறவங்க உடம்பை தானா ஆட வைக்கிற அந்த தாள அசைவு. மெலடி பிடிக்கலன்னு சொன்னா பதில் சொல்லலாம், சாக்ஸஃபோன் டோன் கரகரன்னு இருக்குன்னு சொன்னா அதுக்கும் பதில் சொல்லலாம், ஸ்விங் ஆகலன்னு சொன்னா என்ன சொல்றது? ஆகுதுன்னு தான் சொல்ல முடியும். அவரு ஆகலம்பாரு நாம ஆகுதும்போம், விடிய விடிய இதே தான்.

எங்க வாட்ஸப் க்ரூப்ல இது தான் நிரந்தர தலைப்பு. க்ரூப்னா பெருசா ஒண்ணும் இல்ல, மூணே பேரு. ஒரு அண்ணன், டிரம்ஸ் வாசிக்கிறவரு, ஜான் கோல்ட்ரேனோட டிரம்மர் எல்வின் ஜோன்ஸ் பேரை எடுத்தாலே உக்காந்த இடத்துல நிமிர்ந்து உக்காருவாரு. ஒரு தோழி, அவளுக்கு ஜாஸ்னாலே ஈசிஎம்ங்கற ரெக்கார்டு கம்பெனில வர்ற மாதிரி அமைதியா, நோட்டுக்கு நோட்டு இடம் விட்டு, எதிரொலியோட இருக்கணும், சிம்பல் (டிரம்ஸ்ல உள்ள உலோக தட்டு) கொஞ்சம் ஓவரா அடிச்சா ஹெட்ஃபோனை கழட்டி வச்சுடுவா. அப்புறம் நான். நான் கவுண்ட் பேஸி கட்சி, பியானோ வாசிச்சுட்டே பெரிய பேண்டை நடத்தினவரு. இப்படி மூணு பேரை ஒண்ணா போட்டா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

ஆனா இத்தனை சண்டைக்கு அப்புறம் எனக்கு ஒண்ணு தோணுது, அதை எழுதத்தான் இந்த போஸ்ட். நாங்க சண்டை போடுறது ரசனையை பத்தின்னு நினைச்சுட்டு இருக்கோம், பாதி நேரம் அது இல்லவே இல்ல, ஒரே ரெக்கார்டுல ஆளுக்கு ஒருத்தரை கேட்டுட்டு இருக்கோம். அண்ணன் காது டிரம்ஸ்ல இருக்கும், அவ காது பியானோவோட கடைசி அதிர்வு எப்ப அடங்கும்னு பாத்துட்டு இருக்கும், என் காது டபுள் பேஸுக்கும் (ஆள் உயரத்துக்கு வயலின் மாதிரி நிக்குமே அது, சுருக்கமா பேஸ்) சாக்ஸுக்கும் நடுவுல இருக்கும். ஸ்விங்குங்கறது எந்த ஒரு ஆள்கிட்டயும் முழுசா கிடையாது, ரெண்டு பேருக்கு நடுவுல உள்ள இடைவெளில தான் இருக்கு. அந்த இடைவெளி எவ்ளோ இருந்தா உடம்புக்கு பிடிக்கும்ங்கறது தான் ஆளாளுக்கு மாறுது.

சரி, முதல்ல என் கட்சி. பேஸின்னு சொன்னதும் எல்லாரும் பிக் பேண்ட் மொத்தமும் ஒரே நேரத்துல வெடிக்கிற வேகமான ஐட்டம் தான் நினைப்பாங்க. ஸ்விங்னா என்னன்னு யாராவது கேட்டா நான் போட்டு காட்டுறது "லில் டார்லின்". 1957 அக்டோபர்ல ரெக்கார்ட் பண்ணி "தி அடாமிக் மிஸ்டர் பேஸி" ஆல்பத்துல வந்தது, எழுதினவரு நீல் ஹெஃப்டி. அவரு இதை இன்னும் வேகமா வாசிக்கத்தான் எழுதினாராம், பேஸி தான் இல்ல மெதுவா போகட்டும்னு இழுத்து பிடிச்சாராம், இப்படி ஒரு கதை உண்டு. எவ்ளோ மெதுன்னா, அடுத்த பீட் வருமா வராதான்னே சந்தேகம் வந்துடும். ட்ரம்பெட், சாக்ஸ் மாதிரி ஊதுறவங்க இருக்குற மொத்த ஹார்ன் செக்‌ஷனும் பீட்டுக்கு பின்னாடி சாய்ஞ்சு, அவசரமே இல்லாம ஒரே மூச்சா வந்து இறங்கும், ஒரே ஒருத்தர் முந்திக்கிட்டா போதும் எல்லாம் போச்சு. வேகமா வாசிச்சு காலை ஆட வைக்கிறது திறமை தான், ஒத்துக்கறேன், ஆனா இந்த வேகத்துல, சாரி இந்த மெதுவுல, தலை தானா ஆடுதுல்ல, அது எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஆச்சரியம்.

அந்த பேண்ட்ல ஃப்ரெடி கிரீன்னு ஒரு கிட்டாரிஸ்ட். 1937ல பேஸிகிட்ட சேர்ந்தாரு, 1987ல சாகுற வரைக்கும் அந்த பேண்டை விட்டு நிரந்தரமா போகவே இல்ல, பேஸியே 1984ல போயிட்டாரு, இவரு அப்பவும் அங்க தான். சோலோ வாசிக்கிறது ரொம்ப அபூர்வம். ஆம்ப் கிடையாது. பாருக்கு நாலு ஸ்ட்ரோக், ஒண்ணு ரெண்டு மூணு நாலு, வாழ்க்கை பூரா அது தான் வேலை. ரெக்கார்டுல அவரு கிட்டார் தனியா காதுல விழுறது கூட கஷ்டம், பேஸோட அடியிலயும் ஹை ஹேட்டோட (டிரம்மர் காலால மூடி திறக்குற ஜோடி சிம்பல்) நுனியிலயும் ஒட்டிக்கிட்டு ஒரு வாசனை மாதிரி இருக்கும். 1930கள் கடைசில பியானோல பேஸி, கிட்டார்ல இவரு, டபுள் பேஸ்ல வால்டர் பேஜ், டிரம்ஸ்ல ஜோ ஜோன்ஸ், இந்த நாலு பேரை தான் ஆல் அமெரிக்கன் ரிதம் செக்‌ஷன்னு சொல்லுவாங்க. ஜோ ஜோன்ஸ் என்ன பண்ணாருன்னா டைம் வச்சுக்குற வேலையை பேஸ் டிரம்ல இருந்து தூக்கி ஹை ஹேட்டுக்கு கொண்டு போனாரு. கேக்க சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனா அதுக்கு முன்னாடி உள்ள ரெக்கார்டை கேட்டுட்டு உடனே 1937, 38 பேஸியை போட்டு பாருங்க, தரையில இருந்த பாட்டு அப்படியே ஒரு இன்ச் மேல எழும்பின மாதிரி இருக்கும். கொஞ்ச வருஷத்துல கென்னி கிளார்க் அதை இன்னும் ஒரு படி நகர்த்தி ரைட் சிம்பலுக்கு, அதாவது குச்சியால விடாம தட்டிட்டே இருக்குற அந்த பெரிய தனி தட்டுக்கு, கொண்டு போயிட்டாரு, 1940கள் ஆரம்பம், ஹார்லெம்ல மிண்டன்ஸ் பிளேஹவுஸ், பீபாப்ங்கற புது வகை ஜாஸ் உருவான இடம்.

அந்த ரைட் சிம்பல் பேட்டர்ன் எல்லாருக்கும் தெரியும், ஜாஸே கேக்காதவங்களுக்கும் தெரியும். டிங், டிங்-க டிங், டிங்-க டிங். இதுல தான் முதல் குழப்பம்.

பாடபுத்தகம் என்ன சொல்லும்னா, எட்டாம் நோட்டை, அதாவது ஒரு பீட்டுக்குள்ள வர்ற ரெண்டு நோட்டை, சமமா பிரிக்காம நீளம்-குட்டைன்னு வாசிங்க, ரெண்டுக்கு ஒண்ணுங்கற கணக்குல, அது தான் ஸ்விங். அதாவது தகிட தகிடன்னு சொல்லிட்டே நடுவுல உள்ள கி-யை முழுங்கிடுங்க, தா..ட தா..ட. ஈஸி. கம்ப்யூட்டர்ல பண்ணா அச்சு அசலா இதை தான் பண்ணும். 1980ல ரோஜர் லின் கொண்டு வந்த எல்எம்-1 டிரம் மெஷின்லயே ஸ்விங் செட்டிங் வந்துடுச்சு, 50 சதவீதம்னா நேர், 66 பக்கம் போனா தகிட. இன்னிக்கு எந்த மியூசிக் சாஃப்ட்வேர்லயும் அந்த நாப் இருக்கு. நாபை திருப்புங்க, கேளுங்க. நொண்டி நொண்டி நடக்கும். ஸ்விங் ஆகாது.

ஏன் ஆகலங்கறதுக்கு ஒரு பாதி பதில் அந்த ரெண்டுக்கு ஒண்ணு கணக்குலயே இருக்கு. 2002ல ஸ்வீடன்ல ஃப்ரிபெர்க், சுண்ட்ஸ்ட்ரோம்னு ரெண்டு பேர் நிஜ ரெக்கார்டிங்குகளை எடுத்து டிரம்மர் சிம்பலை அளந்து பாத்தாங்க. ரேஷியோன்னு ஒண்ணு நிலையா இல்லவே இல்ல. மெதுவா வாசிக்கும்போது மூணரைக்கு ஒண்ணு வரைக்கும் போகுது, ரொம்ப வேகமா போனா ஒண்ணுக்கு ஒண்ணு ஆகிடுது. மிதமான வேகத்துல இருந்து அதுக்கு மேல போகும்போது அந்த குட்டை நோட்டு மட்டும் ஏறக்குறைய 100 மில்லிசெகண்ட்ல நின்னுடுது, சுத்தி உள்ளது தான் சுருங்குது. கணக்கு போட்டு பாருங்க, நிமிஷத்துக்கு 150 பீட்னா ஒரு பீட் 400 மில்லிசெகண்ட், அதுல 100 போனா 300, மூணுக்கு ஒண்ணு. 200 பீட்ல ஒரு பீட் 300, அப்ப ரெண்டுக்கு ஒண்ணு. 300 பீட்ல ஒரு பீட்டே 200 தான், சரிசமம். புத்தகத்துல உள்ள தகிட கணக்கு நிமிஷத்துக்கு 200 பீட் பக்கத்துல மட்டும் தான் சரியா உக்காருது! இதை நான் அண்ணன்கிட்ட ஒரு புது கண்டுபிடிப்பு மாதிரி சொன்னேன், அவரு சிரிச்சுட்டு "தம்பி, எங்க கை அதை விட வேகமா குட்டை பண்ணாது, இதுக்கு ஆராய்ச்சி வேறயா"ன்னாரு.

அந்த ஆராய்ச்சில எனக்கு ரொம்ப பிடிச்சது வேற ஒரு இடம். சோலோ வாசிக்கிறவங்க டிரம்மரோட ரேஷியோவை அப்படியே வாசிக்கிறதில்ல. அவங்களோடது இன்னும் நேரா, சமமா இருக்கு. பீட் மேல உள்ள நோட்டை டிரம்மருக்கு கொஞ்சம் லேட்டா வைக்கிறாங்க, பீட்டுக்கு நடுவுல வர்ற அந்த குட்டை நோட்டுல கரெக்டா டிரம்மரோட சேர்ந்துடுறாங்க. லேட்டு, கரெக்ட், லேட்டு, கரெக்ட். ஒவ்வொரு பீட்லயும் பிரிஞ்சு சேர்றது.

இதுக்கு மேல ஒரு இருபது வருஷம் கழிச்சு ஜெர்மனில கோட்டிங்கன்ல உள்ள மேக்ஸ் பிளாங்க் இன்ஸ்டிட்யூட் ஆளுங்க இதை நேரடியா சோதிச்சு பாத்தாங்க. இதுக்கு ஒரு முன்கதை இருக்கு. 1987ல சார்ல்ஸ் கைல்னு ஒரு அறிஞர், இசைல உயிர் வர்றதே வாசிக்கிறவங்க ஒருத்தருக்கொருத்தர் அச்சு பிசகாம சேராததால தான்னு எழுதினாரு, அதுக்கப்புறம் அந்த சின்ன பிசகு தான் ஸ்விங்குன்னு ஒரு கட்சி, இல்லன்னு ஒரு கட்சி. கோட்டிங்கன்காரங்க முதல்ல என்ன பண்ணாங்கன்னா, தாறுமாறா வர்ற சின்ன சின்ன பிசகுகளை கம்ப்யூட்டர்ல எடுத்துட்டு கேக்க வச்சாங்க, ஸ்விங் ஒண்ணும் குறையல. அப்ப கைல் கட்சி அவுட்டுன்னு தான் தோணும். அப்புறம் 2022ல வேற மாதிரி பண்ணாங்க, தாறுமாறா இல்லாம ஒரு ஒழுங்கோட, சோலோ பியானோவோட பீட் நோட்டை மட்டும் ரிதம் செக்‌ஷனுக்கு 30 மில்லிசெகண்ட் மாதிரி லேட் ஆக்கி, நடு நோட்டை அப்படியே விட்டுட்டாங்க. இதை கேட்ட ஜாஸ் வாசிக்கிறவங்க பெரும்பாலும் இது தான் அதிகமா ஸ்விங் ஆகுதுன்னு சொன்னாங்க. அதோட நிறுத்தாம பழைய பெரிய ஆளுங்களோட 450க்கு மேற்பட்ட சோலோவை எடுத்து அளந்தா, ஏறக்குறைய எல்லாருமே சராசரியா இதை பண்ணிட்டு இருக்காங்க. இதுல சிரிப்பு என்னன்னா, வித்தியாசம் இருக்குன்னு கேட்டவங்களுக்கு தெரியுது, அது என்னன்னு அந்த ப்ரொஃபஷனல்களாலயே சொல்ல முடியல. வருஷக்கணக்கா தினமும் பண்ற வேலை, என்ன பண்றோம்னு தெரியாது!

30 மில்லிசெகண்ட். கண் சிமிட்டுறதே இதை விட எத்தனையோ மடங்கு நேரம் ஆகும்.

இதெல்லாம் படிச்ச பிறகு தான் எனக்கு சாக்ஸ் வாசிக்கிற டெக்ஸ்டர் கார்டன் ஏன் இவ்ளோ பிடிக்கும்னு ஒரு மாதிரி பிடிபட்டுச்சு. "கோ"ன்னு ஒரு ஆல்பம், 1962 ஆகஸ்ட்ல ரெக்கார்ட் பண்ணது, அதுல "சீஸ் கேக்". பியானோ சானி கிளார்க், பேஸ் புட்ச் வாரன், டிரம்ஸ் பில்லி ஹிக்கின்ஸ். ஹிக்கின்ஸ் சிம்பல் அப்படியே பளபளன்னு முன்னாடி போயிட்டே இருக்கும், டெக்ஸ்டர் பின்னாடி "நீங்க போங்கப்பா, நான் வரேன்"னு வருவாரு. அவரு லேட் பண்றது மத்தவங்க லேட் பண்றதை விட ஒரு பிடி அதிகம், சில இடத்துல விழுந்துடுவாரோன்னு இருக்கும், விழமாட்டாரு. எனக்கு அந்த இழுவை தான் போதை. அண்ணனுக்கு அது சோம்பேறித்தனம். "ஹிக்கின்ஸ் பாவம், ஒரு ஆளை இழுத்துட்டு போற மாதிரி வாசிக்கிறான்"னு சொல்லுவாரு. பாருங்க, ரெண்டு பேரும் ஒரே விஷயத்தை தான் கேக்குறோம், அவரு டிரம்மரா உக்காந்து கேக்குறாரு, நான் சாக்ஸ் மேல உக்காந்து கேக்குறேன்.

இதே பில்லி ஹிக்கின்ஸை வச்சு தான் என் கட்சியை நிரூபிக்க முடியும்னு நினைக்கிறேன், ஏன்னா இந்த மனுஷன் எல்லா இடத்துலயும் இருக்காரு. 1959ல சாக்ஸ் ஆளு ஆர்னெட் கோல்மனோட "லோன்லி வுமன்", 1962ல இந்த சீஸ் கேக், 1963 டிசம்பர்ல ட்ரம்பெட் ஆளு லீ மோர்கனோட "தி சைட்வைண்டர்". மூணுக்கும் டிரம்ஸ் இவரு தான். லோன்லி வுமன்ல அவரு கை வேகமா ஸ்விங் பண்ணிட்டே இருக்கும், மேல ஆர்னெட்டும் கார்னெட் (ட்ரம்பெட்டோட தம்பி) ஊதுற டான் செரியும் அதுக்கு சம்பந்தமே இல்லாத மாதிரி மெதுவா, ஒப்பாரி வைக்கிற மாதிரி மிதப்பாங்க, சார்லி ஹேடன் பேஸ் நடுவுல தனி உலகம். என் தோழி உயிரை விடுற ட்ராக் அது. "இதுல ஸ்விங்லாம் இல்ல, அதான் பிடிக்குது"ன்னா. இல்லையா! கீழ போயிட்டு இருக்கறதே முழுக்க முழுக்க ஸ்விங் தானே, மேல இருக்குறவங்க பீட்டை விட்டுட்டாங்க அவ்ளோ தான், இடைவெளி 30 மில்லிசெகண்ட்ல இருந்து எங்கயோ போயிடுச்சு. அவ மேல உள்ளதை மட்டும் கேக்குறா. டிரம்ஸை மட்டும் ஒரு தடவை கேட்டு பாருன்னு சொன்னேன், கேட்டுட்டு "ஆமா, இருக்கு, ஆனா நான் ஏன் அதை கேக்கணும்"னு கேட்டா. நியாயமான கேள்வி தான், என்கிட்ட பதில் இல்ல.

சைட்வைண்டர்ல இன்னொரு கூத்து. அது சுத்தமான ஸ்விங் பேட்டர்ன் கூட கிடையாது, கொஞ்சம் நேர் எட்டு (சமமா பிரிச்ச எட்டாம் நோட்டு), கொஞ்சம் லத்தீன், கொஞ்சம் ப்ளூஸ், அந்த காலத்துல பூகலூன்னு சொன்ன வகை. மூணு பேருக்கும் பிடிச்ச ஒரே ட்ராக் அது. என்னத்த சொல்ல.

ஸ்விங் ஆகலங்கற குற்றச்சாட்டு பெரிய ஆளுங்களையும் விட்டு வைக்கல. 1961 நவம்பர்ல டவுன்பீட் பத்திரிக்கைல ஜான் டைனன்னு ஒரு விமர்சகர், சாக்ஸ் ஆளுங்க ஜான் கோல்ட்ரேனும் எரிக் டால்ஃபியும் வாசிக்கிறது ஆன்டி ஜாஸ், அதாவது ஜாஸுக்கே எதிரின்னு எழுதிட்டாரு. அந்த விமர்சனத்துல கவனிக்க வேண்டியது என்னன்னா, ரிதம் செக்‌ஷன் நல்லா தான் வாசிக்குது, மேல உள்ள ரெண்டு ஹார்ன்களுக்கு பின்னாடி அது வீணாகுதுங்கற மாதிரி சொல்லியிருந்தாரு. அந்த ரிதம் செக்‌ஷன்ல டிரம்ஸ் யாரு? எல்வின் ஜோன்ஸ். அதாவது அந்த விமர்சகர் என் தோழிக்கு நேர் எதிர், கீழ உள்ளதை கேட்டு ரசிச்சுட்டு மேல உள்ளதை கேட்டு கடுப்பாயிருக்காரு. 1962 ஏப்ரல்ல அதே பத்திரிக்கை கோல்ட்ரேனையும் டால்ஃபியையும் உக்கார வச்சு பதில் கேட்டுச்சு. ஸ்விங் ஆகலங்கறாங்களேன்னு கேட்டதுக்கு கோல்ட்ரேன் சொன்னது எனக்கு ரொம்ப பிடிக்கும். ஸ்விங்ல எத்தனையோ வகை இருக்கு, பேஸி பேண்ட்ல நடக்குறது ஒரு வகை, எந்த குழு ஒண்ணா சேர்ந்தாலும் அதுக்குன்னு ஒரு தனி ஃபீல் வந்துடும், எங்களோடது எங்களோடது, ஸ்விங் ஆகலன்னு ஒருத்தர் சொன்னா அவருக்கு பதில் சொல்றது கஷ்டம்னு சொன்னாரு. கோவமே படல மனுஷன்.

எல்வின் விஷயத்துல நான் அண்ணன்கிட்ட பாதி தோத்துட்டேன்னு சொல்லலாம். முதல்ல எனக்கு அது ஒரே இரைச்சல். அவரு டிங்-க டிங்கை மட்டும் வச்சுட்டு ஓட்டறதில்ல, தகிடவோட மூணு பாகத்தையும் பிரிச்சு ஒண்ணை சிம்பல்ல, ஒண்ணை ஸ்னேர்ல, ஒண்ணை பேஸ் டிரம்ல போட்டுட்டே இருப்பாரு, எல்லாம் சேர்ந்து உருண்டுட்டே இருக்கும், ஒண்ணாவது பீட் எங்க இருக்குன்னே மறைச்சு வச்சுடுவாரு. அண்ணன் தான் "பீட்டை தேடாத, அலை மொத்தமா எப்ப கரைக்கு வருதுன்னு மட்டும் பாரு"ன்னாரு. 1961 நவம்பர் வில்லேஜ் வேன்கார்ட் ரெக்கார்டிங்ல "சேசின் தி ட்ரேன்" இருக்கு, பியானோ இல்லாம சாக்ஸ், பேஸ், டிரம்ஸ் மட்டும், ஒரு ப்ளூஸ், 16 நிமிஷம் கிட்ட போகும். அதை அப்படி கேட்டா ஆமா, உடம்பு ஆடுது. பேஸிக்கு ஆடுற மாதிரி இல்ல, தலைக்கு பதிலா மொத்த முதுகும் ஆடுது. இருந்தும் வீட்டு வேலை பாத்துட்டே கேக்க எதை போடுவேன்னா லில் டார்லின் தான், அதுல மாற்றம் இல்ல.

பியானோ ஆளு டேவ் ப்ரூபெக் பத்தி கொஞ்சம் சொல்லணும், ஏன்னா ஸ்விங் ஆகல லிஸ்ட்ல நிரந்தர உறுப்பினர் அவரு. கனமான கார்டுகளை ரெண்டு கையாலயும் பொத்து பொத்துன்னு போடுறாருன்னு காலங்காலமா ஒரு புகார். 1959ல வந்த "டைம் அவுட்" விக்காத கடையில்ல, அதுல உள்ள "டேக் ஃபைவ்" ஜாஸ் கேக்காதவங்க கூட முணுமுணுப்பாங்க, அதுவே சில ஜாஸ் ஆளுங்களுக்கு எரிச்சல். அஞ்சு பீட், மூணும் ரெண்டுமா பிரியுது. அந்த பாட்டை எழுதினது ப்ரூபெக் கிடையாது, பால் டெஸ்மண்ட். அவரு சாக்ஸை கேளுங்க, பஞ்சு மாதிரி, ஜோ மொரெல்லோ சிம்பலை கேளுங்க, பேஸ்ல யூஜீன் ரைட், அவரு முன்னாடி பேஸி பேண்ட்லயே வாசிச்சவரு. மூணு பேர் ஸ்விங் பண்ணிட்டு இருக்காங்க, நாலாவது ஆள் திரும்ப திரும்ப வர்ற அந்த பியானோ வாம்ப்பை விடாம பிடிச்சுட்டு இருக்காரு. ப்ரூபெக்கை கேக்குறவங்களுக்கு ஸ்விங் இல்ல, டெஸ்மண்டை கேக்குறவங்களுக்கு இருக்கு. என்னை கேட்டா டேக் ஃபைவ் நல்லாவே ஆடுது, அதே ஆல்பத்துல "ப்ளூ ரோண்டோ" ஆரம்பத்துல மட்டும் கணக்கு பரிட்சை எழுதுற மாதிரி இருக்கு, நடுவுல சாதாரண நாலு பீட் ப்ளூஸ் வந்ததும் அப்பாடான்னு இருக்கும்.

இடைவெளிக்கு ரெண்டு ஆள் வேணும்னு மேல சொன்னேன்ல, அதுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. எரோல் கார்னர், பியானோ. இடது கை ஃப்ரெடி கிரீன் மாதிரி டக் டக்னு நாலு பீட்டும் போட்டுட்டு போகும், வலது கை அதுக்கு பின்னாடி இழுத்துட்டு வரும், இழுத்து இழுத்து கடைசில டபால்னு பிடிச்சுடும். ஒரே மண்டைக்குள்ள ரெண்டு பேர். 1955ல கலிஃபோர்னியால கார்மெல்ங்கற ஊர்ல வாசிச்சது "கான்சர்ட் பை தி சீ"ன்னு வந்துச்சு, ரெக்கார்டிங் தரம் சுமார் தான், கேட்டா வாய் தானா சிரிக்கும். நோட்டேஷன் படிக்க தெரியாத மனுஷன் வேற. இவரு ஸ்விங் ஆகலன்னு சொன்ன ஒரு ஆளை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல, அண்ணனும் தோழியும் கூட வாய மூடிட்டாங்க. அவ மட்டும் "ரொம்ப சந்தோஷமா இருக்காரு, அது தான் கொஞ்சம் அலுப்பு"ன்னா.

அப்புறம் இன்னொரு பியானோ ஆளு, அகமத் ஜமால். 1958 ஜனவரில சிகாகோல பெர்ஷிங் லவுஞ்சுல லைவ்வா எடுத்த ஆல்பம், அதுல "பாயின்சியானா". டிரம்ஸ் வெர்னல் ஃபோர்னியே, நியூ ஆர்லியன்ஸ்காரரு. அந்த ட்ராக்ல டிங்-க டிங் கிடையாது, வேற ஒரு தாள கட்டு, இஸ்ரேல் கிராஸ்பி பேஸ்ல ஒரே உருவத்தை திருப்பி திருப்பி வாசிப்பாரு, ஜமால் பாதி நேரம் சும்மா இருப்பாரு. ஆல்பம் சார்ட்ல 100 வாரத்துக்கு மேல இருந்துச்சு, காக்டெயில் மியூசிக்னு சில விமர்சகர்கள் ஒதுக்கினாங்க, ட்ரம்பெட் ஆளு மைல்ஸ் டேவிஸ் என்னடான்னா ஜமால் மாதிரி வாசிங்கன்னு தன் பியானோ ஆளுங்கள போட்டு படுத்துவாரு. ஸ்விங் பேட்டர்னே இல்லாத ட்ராக் இது, ஆனா இதை விட ஆடுற ட்ராக் எத்தனை இருக்கு? எங்க மூணு பேர்ல யாருமே இதை எந்த டப்பால போடணும்னு சொல்லல. தோழிக்கு அந்த சும்மா இருக்குற இடம் பிடிக்கும். அண்ணனுக்கு ஃபோர்னியே. எனக்கு கிராஸ்பி. அவ்ளோ தான்.

சில பேர் இருக்காங்க, ஸ்விங் ஆனா தான் ஜாஸ், இல்லன்னா வேற பேரு வச்சுக்கோன்னு. அது எனக்கு ஒத்து வராது. கீத் ஜாரெட் 1975ல ஜெர்மனில கொலோன்ல தனியா பியானோ வாசிச்சதுல முக்கால்வாசி ஸ்விங் கிடையாது, அதுக்காக அது நல்லா இல்லன்னு சொல்ல நான் தயாரில்ல, தோழிக்கு பயந்து சொல்லல, நிஜமாவே தயாரில்ல. ஸ்விங் ஒரு குணம், நல்லதுக்கு இன்னொரு பேரு கிடையாது. நல்லா ஸ்விங் ஆகுற அலுப்பான ரெக்கார்டு வண்டி வண்டியா இருக்கு, பேர் சொன்னா சண்டை வரும்.

காதை நம்பறதுலயும் ஒரு அளவு இருக்கு. ராய் எல்ட்ரிட்ஜ், பெரிய ட்ரம்பெட் ஆளு, கறுப்பு ஆளு வாசிச்சதா வெள்ளை ஆளு வாசிச்சதான்னு கேட்டே சொல்லிடுவேன்னு விமர்சகர் லெனர்ட் ஃபெதர்கிட்ட பந்தயம் கட்டி, 1951ல பேர் சொல்லாம ரெக்கார்டு போட்டு கேக்குற டெஸ்ட்ல பாதிக்கு மேல தப்பா சொல்லி தோத்தாரு. அவ்ளோ பெரிய காதுக்கே அந்த கதி. இதை படிச்சதுல இருந்து நாங்களும் பேர் சொல்லாம ட்ராக் அனுப்ப ஆரம்பிச்சோம். அண்ணன் ஒரு தடவை வின்டன் கெல்லி பியானோவை, கிட்டார் ஆளு வெஸ் மாண்ட்கமரியோட 1965ல ஹாஃப் நோட் கிளப்ல வாசிச்சது, பால் சேம்பர்ஸ் பேஸ், ஜிம்மி காப் டிரம்ஸ், அதை அனுப்பிட்டு யாருன்னு கேட்டாரு. தோழி யாருன்னு சொல்லல, "இதுல எல்லாரும் ஒரே விஷயத்துக்கு சிரிக்கிறாங்க"ன்னு மட்டும் டைப் பண்ணா. ஸ்விங் பத்தி எங்க க்ரூப்ல வந்ததுலயே உருப்படியான வாக்கியம் அது தான், சொன்னது ஸ்விங்கே வேண்டாங்கற ஆளு.

இப்ப ஓடிட்டு இருக்கற சண்டை மைல்ஸ். 1964 பிப்ரவரி 12, நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் ஹால், ஒரே ராத்திரி வாசிச்சதை ரெண்டு ஆல்பமா பிரிச்சு விட்டாங்க. மெதுவானது எல்லாம் "மை ஃபன்னி வேலன்டைன்", வேகமானது எல்லாம் "ஃபோர் அண்ட் மோர்". அதே அஞ்சு பேரு, அதே மேடை. டிரம்ஸ் டோனி வில்லியம்ஸ், அப்ப 18 வயசு. அந்த வேகமான ஆல்பத்துல சில ட்ராக் எவ்ளோ பறக்குதுன்னா சிம்பல்ல நீளம் குட்டைன்னு ஒண்ணும் மிஞ்சாது, எல்லாம் சமமா ஷ்ஷ்ஷ்னு ஒரே கோடு. மேல போட்ட கணக்குப்படி அங்க ஸ்விங் ரேஷியோன்னு எதுவுமே இருக்க முடியாது. அண்ணன் இது தான் உச்சம்ங்கறாரு, ஏன்னா ரேஷியோ போனா என்ன, ரான் கார்ட்டர் பேஸ் அதுல எப்படி உக்காருதுன்னு கேளுன்னு. தோழி மெதுவானதை மட்டும் டவுன்லோட் பண்ணிட்டா, வேகமானது இருக்குறதே அவளுக்கு தெரியாத மாதிரி நடிக்கிறா. எனக்கு அந்த வேகத்துல பிரமிப்பு வருது, ஆட்டம் வரல. அண்ணன் நேத்து ராத்திரி ஜார்ஜ் கோல்மன் சோலோல ஒரு இடத்தை நிமிஷம் செகண்டோட குறிச்சு அனுப்பி "இங்க சாக்ஸை விட்டுட்டு பேஸை கேளு, அப்புறம் பேசு"ன்னு போட்டிருக்காரு. இன்னும் கேக்கல, கேட்டுட்டு கமெண்ட்ல சொல்றேன்.